ஜூலைல கமினோ தனியா நடக்கப் போறேன், வெயில எப்படி சமாளிக்கிறது?

தேன்மொழி77 கேட்டது:

வணக்கம் மக்களே. ஸ்பெயின்ல சந்தியாகோ கோயிலுக்கு நடந்தே போற கமினோ யாத்திரை பத்தி இங்க முன்னாடி சிலர் எழுதியிருந்தீங்க, அத படிச்சதுல இருந்து மனசுக்குள்ள அரிச்சுகிட்டே இருந்துச்சு, இந்த வருஷம் கிளம்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பிரான்ஸ் பக்கம் சான்-ஜான்ல ஆரம்பிச்சு பம்ப்லோனா, புர்கோஸ், லியோன் வழியா போற மெயின் ரூட்டு தான், கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். பிரச்சனை என்னன்னா லீவு ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தான் கிடைக்குது. மே மாசம் போங்க, செப்டம்பர் போங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, வீட்டுல சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு.

கூட வர்றேன்னு சொன்ன ஃப்ரெண்டு கடைசி நேரத்துல கழண்டுகிட்டா. அதனால தனியா தான் போறேன். வயசு 46, பிரஷருக்கு தினமும் ஒரு மாத்திரை, மத்தபடி நல்லா தான் இருக்கேன், தினமும் சாயங்காலம் வாக்கிங் உண்டு. வீட்டுக்காரர் 'நம்ம வெயில்ல பொறந்து வளர்ந்தவளுக்கு ஸ்பெயின் வெயில் எம்மாத்திரம்'னு சிரிக்கிறாரு, எனக்கு என்னவோ அப்படி தோணல. நடுவுல மெசெத்தான்னு ஒரு மேட்டு சமவெளி வருதாம், மரமே இல்லாம நாள் கணக்கா நடக்கணுமாம். எத்தனை மணிக்கு கிளம்பணும், எவ்ளோ தண்ணி தூக்கணும், அப்புறம் முக்கியமா ஆளில்லாத இடத்துல தலை சுத்தி விழுந்துட்டா யாரு பாப்பா? பொம்பள தனியா நடக்கறது சேஃபான்னும் சொல்லுங்க. போனவங்க, விஷயம் தெரிஞ்சவங்க எழுதுங்க ப்ளீஸ்.

ஊர்சுற்றி:

தேன்மொழி மேடம், உங்க வீட்டுக்காரர் சொல்றதுல ஒரு ஓட்டை இருக்கு. நம்மள்ல பாதி பேரு வெயில்ல வளர்ந்தோம், ஆனா இப்ப ஏசி ரூம்ல இருந்து ஏசி கார்ல ஏறி ஏசி ஆபீஸ்க்கு போறோம், உடம்பு அத மறந்து ரொம்ப நாளாச்சு. அப்புறம் அந்த வெயில் வேற ரகம். காத்து காய்ஞ்சு கிடக்கும், வேர்வை வந்த வேகத்துல ஆவியாகிடும், சட்டை நனையாது, அதனால 'எனக்கு வேர்க்கவே இல்லையே'ன்னு நடந்துகிட்டே இருப்போம். மத்தியானம் பையை கழட்டும்போது தான் முதுகுல வெள்ளை வெள்ளையா உப்பு கோடு போட்டிருக்கறத பாப்போம்.

இன்னொன்னு, இத நிறைய பேரு சொல்ல மாட்டாங்க. ஸ்பெயின் கடிகாரத்தை நம்பாதீங்க. அந்த நாடு இருக்கற இடத்துக்கு அவங்க வச்சிருக்கற டைம் ரொம்ப முன்னாடி ஓடுது. ஜூலைல லியோன் பக்கம் சூரியன் உதிக்கவே 7 மணிக்கு கொஞ்சம் முன்னாடி தான், மறையறது ராத்திரி 10 மணி வாக்குல. சூரியன் உச்சிக்கு வர்றது மதியம் ரெண்டரைக்கு. அப்படின்னா வெயில் உச்சத்துல கொளுத்துறது சாயங்காலம் 5, 6 மணிக்கு. நாம '12 மணி வெயில் தாண்டிட்டோம், 4 மணிக்கு மேல குறைஞ்சிடும், அப்ப நடந்துக்கலாம்'னு கணக்கு போட்டா நேரா அடுப்புல தான் போய் இறங்குவோம். அங்க காலை நடை ஒன்னு தான் நடை. 12, அதிகபட்சம் 1 மணிக்குள்ள அன்னைக்கு வேலை முடிஞ்சிருக்கணும்.

ரூட்டு கிழக்குல இருந்து மேற்கு. காலைல சூரியன் முதுகுக்கு பின்னாடி, அப்புறம் இடது பக்கம். அதனால கழுத்து பின்பக்கம், கெண்டைக்கால், முழங்காலுக்கு பின்னாடி மடிப்பு, இடது காது, இடது கை, இதெல்லாம் தான் வெந்து போகும். முகத்துக்கு மட்டும் க்ரீம் தடவிட்டு கிளம்பாதீங்க. அங்க நடக்கறவங்கள சாயங்காலம் பாத்தா இடது கால் ஒரு கலர் வலது கால் ஒரு கலரா இருக்கும் 😀

தண்ணி: கிராமத்துக்கு கிராமம் ஃபுவென்தேன்னு குழாய் இருக்கும். 'பொதாப்லே'ன்னு போட்டிருந்தா குடிக்கலாம், 'நோ பொதாப்லே'ன்னு போட்டிருந்தா தலையில தொப்பியில ஊத்திக்க மட்டும். எஸ்தெய்யா ஊரு தாண்டினதும் இராச்சேல ஒயின் குழாய் ஒன்னு இருக்கு, நெஜமாவே ஒயின், ஃப்ரீ. காலங்காத்தால வெயிலுக்கு முன்னாடி அங்க நின்னு போட்டோ எடுத்துக்கங்க, பாட்டில்ல புடிச்சுகிட்டு போற வேலை வேணாம்.

முதல் நாள் பத்தி ஒரு வார்த்தை. சான்-ஜான்ல இருந்து ரொன்செஸ்வய்யேஸ் 25 கிலோமீட்டர், 1200 மீட்டருக்கு மேல ஏத்தம், பழகாத உடம்போட அத ஜூலைல ஒரே மூச்சுல பண்ணாதீங்க. 8 கிலோமீட்டர்ல ஒரிசோன்னு ஒரு தங்குமிடம் இருக்கு, முன்கூட்டியே புக் பண்ணிட்டு முதல் ராத்திரி அங்க போட்டுடுங்க.

மொட்டைவெயில்:

சிம்பிள். 4 மணிக்கு கிளம்பு, 10 மணிக்கு ரூம்ல இரு. நான் அப்படி தான் போனேன், ஒரு பிரச்சனையும் இல்ல. சும்மா பயமுறுத்தாதீங்க பா.

ஊர்சுற்றி:

@மொட்டைவெயில் ப்ரோ நீங்க கூட்டமா போனீங்களா தனியா போனீங்களா? 4 மணிக்கு அங்க கும்மிருட்டு, விடிய இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. மஞ்சள் அம்புக்குறி பாத்து தான் வழியே, அது ஒரு கல்லுல, ஒரு செவுத்துல, ஒரு போஸ்ட்ல கை அகலத்துக்கு வரைஞ்சிருக்கும், டார்ச் வெளிச்சத்துல ஒன்ன விட்டா போச்சு. வழி தப்பி ஒரு மணி நேரம் சுத்தினா அந்த ஒரு மணி நேரத்த வெயில்ல தான் திருப்பி கட்டணும். தனியா போறவங்க அஞ்சே முக்கால் ஆறு மணிக்கு, அதே ரூம்ல இருந்து கிளம்புற நாலு பேரு பின்னாடி போறது தான் நல்லது. அவங்க கூட பேசிகிட்டே போகணும்னு கூட இல்ல, அவங்க டார்ச் தெரியற தூரத்துல இருந்தா போதும்.

அப்புறம் மேடம் ஒரு மெல்லிசு ஜாக்கெட் எடுத்துக்கங்க. புர்கோஸ், லியோன்லாம் 800 மீட்டருக்கு மேல இருக்கற ஊருங்க, பகல்ல கொளுத்தினாலும் விடியக்காலைல குளிரும்.

நர்ஸக்கா:

எமர்ஜென்சில வேலை பாக்கறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் தேன்மொழி, பொறுமையா படிங்க.

நீங்க கேட்டதுலயே முக்கியமான கேள்வி 'விழுந்துட்டா யாரு பாப்பா'. ஆனா விழறதுக்கு முன்னாடி ஒன்னு நடக்கும், அது தான் தனியா நடக்கறவங்களுக்கு நிஜமான ஆபத்து. சூட்டுல முதல்ல தடுமாறுறது மூளை. தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, களைப்பு, இந்த கட்டத்துல நிழல்ல உக்காந்து உப்பு சக்கரை கலந்த தண்ணி குடிச்சு ஈரத்துணி போட்டா சரியாகிடும். அத மதிக்காம நடந்தா உள் உடம்பு சூடு 40 டிகிரிய தாண்டும், பேச்சு குழறும், எரிச்சல் வரும், சம்பந்தமில்லாம எதையோ பண்ணுவாங்க, அது தான் ஹீட் ஸ்ட்ரோக். கூட ஒருத்தர் இருந்தா 'என்னடி உளர்ற, உக்காரு'ம்பாங்க. தனியா இருக்கறவளுக்கு தான் குழம்பியிருக்கோம்னே தெரியாது, 'இன்னும் 4 கிலோமீட்டர் தானே போயிடலாம்'னு அந்த குழம்பின மூளை தான் முடிவு எடுக்கும். வேர்வை நின்னா தான் ஹீட் ஸ்ட்ரோக்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு, நடந்து உழைச்சு வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல ஆளு தொப்பலா நனைஞ்சு கூட இருக்கலாம்.

அதனால அன்னன்னைக்கு முடிவ வழியில எடுக்காதீங்க. முந்தின நாள் ராத்திரி, வயிறு நிறைஞ்சு தெளிவா உக்காந்திருக்கும்போது எழுதி வச்சிடுங்க: எந்த ஊர்ல நிறுத்தறேன், அதுக்கு முன்னாடி நிறுத்தணும்னா எந்த ஊரு, எத்தனை மணி ஆனா எங்க இருந்தாலும் நடை கட். காலைல அத மாத்தலாம், குறைக்கறதுக்கு மட்டும். கூட்ட கூடாது.

யாராவது வேற ஒருத்தர் வழியில அப்படி கிடந்தா, இல்ல உங்களுக்கு நடந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கு சொல்ல: முதல்ல குளிர வைக்கணும், அப்புறம் தான் மத்ததெல்லாம். பாட்டில் தண்ணி முழுசையும் தலை, கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஊத்தி விசிறணும், குழாயோ தொட்டியோ பக்கத்துல இருந்தா அதுலயே இறக்கிடலாம், கூடவே அங்க எமர்ஜென்சி நம்பர் 112க்கு போன். நினைவு தப்பினவங்க வாயில தண்ணி ஊத்தவே கூடாது. பாராசிட்டமால் குடுத்தா இந்த சூடு இறங்காது, அது காய்ச்சலுக்கு தான்.

தண்ணி பத்தி. வெயில்ல பையோட நடந்தா மணிக்கு அரை லிட்டர்ல இருந்து 1 லிட்டர் வரைக்கும் வேர்வையா போகலாம். அதுக்காக வெறும் தண்ணிய லிட்டர் லிட்டரா ஊத்தினா ரத்தத்துல சோடியம் இறங்கிடும். கை வீங்குறது, மோதிரம் இறுகறது, தலைவலி, வாந்தி, இதுவும் அதே குழப்பத்துல தான் போய் முடியும், பாக்கறவங்க தண்ணி பத்தலன்னு இன்னும் குடுப்பாங்க. தாகத்துக்கு குடிங்க, கூட உப்பும் உள்ள போகணும். பார்ல ஆலிவ் காய், உருளைக்கிழங்கு போட்ட தொர்தீயா முட்டை அடை, சிப்ஸ், எது கிடைச்சாலும் சரி. அக்வாரியஸ்னு ஒரு டின் எல்லா பார்லயும் இருக்கும், பரவாயில்ல, ஆனா உப்பு அதுல கம்மி, சக்கரை தான் தூக்கல். பச்சை சிலுவை போட்ட ஃபார்மசில 'சுவெரோ ஒரால்'னு கேட்டா ஓஆர்எஸ் பொடி தருவாங்க, நாலு பாக்கெட் பையில இருக்கட்டும். சின்ன ஊர்ல மதியம் 2 மணிக்கு மூடினா சாயங்காலம் 5 மணி வரைக்கும் திறக்க மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை சொல்லவே வேணாம், அதனால தேவைப்படறதுக்கு முன்னாடியே வாங்கி வைங்க.

போறதுக்கு முன்னாடி ஒன்னு ரெண்டு வாரம் தினமும் வெயில்ல நடந்து பழகுங்க, உங்க சாயங்கால வாக்கிங் இதுக்கு உதவாது, காலைல 9 மணி வாக்குல போங்க. உடம்பு பழகிட்டா வேர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதுல உப்பும் கம்மியா போகும்.

கடைசியா, அந்த பிரஷர் மாத்திரை பேரு என்ன? அட்டைய பாத்து சொல்லுங்க.

தேன்மொழி77:

அக்கா இவ்ளோ நேரம் எடுத்து எழுதினதுக்கு ரொம்ப நன்றி, பிரிண்ட் போட்டு வச்சுட்டேன். அட்டைல டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 ன்னு போட்டிருக்கு. கால் வலிக்கு ப்ரூஃபன் எடுத்துக்கலாம்னு ஒரு ஸ்ட்ரிப் பேக் பண்ணியிருக்கேன், அங்க நடக்கறவங்க எல்லாம் அத மிட்டாய் மாதிரி போடறாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன்.

நர்ஸக்கா:

நினைச்சேன். அந்த ப்ரூஃபன் ஸ்ட்ரிப்ப வீட்டுலயே வச்சுட்டு போங்க. உங்க மாத்திரைல ரெண்டு மருந்து இருக்கு, ஒன்னு ரத்தக்குழாய தளர்த்தறது, இன்னொன்னு ஒன்னுக்கா நீரை வெளியேத்தறது. இந்த ரெண்டோட ஐபுப்ரோஃபனும் சேர்ந்து, உடம்புல தண்ணியும் குறைஞ்சிருந்தா கிட்னி சட்டுனு படுத்துடும், இது மருத்துவத்துல நல்லா தெரிஞ்ச கூட்டணி. போதாததுக்கு அந்த நீர் மாத்திரை சோடியத்தையும் இறக்கும். தானா நிறுத்தாதீங்க, நிறுத்தினா பிரஷர் ஏறும். டாக்டர்கிட்ட 'ஜூலைல தினமும் அஞ்சாறு மணி நேரம் வெயில்ல நடக்கப் போறேன், டோஸ் மாத்தணுமா, வாந்தி பேதி வந்தா அன்னைக்கு மாத்திரைய என்ன பண்ணணும், உப்பு எவ்ளோ சேத்துக்கலாம்'னு இப்பவே கேளுங்க, மாத்தினாலும் கிளம்பறதுக்கு முன்னாடி சில வாரம் பாக்க டைம் வேணும். கிளம்பும்போது சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா நல்லது. வலிக்கு பாராசிட்டமால் போதும், அதுக்கும் மேல வலிச்சா அன்னைக்கு நடக்க வேணாம்னு அர்த்தம்.

மாத்திரை பேரு, உங்க வியாதி, வீட்டு நம்பர், இதெல்லாம் ஒரு சீட்டுல ஸ்பானிஷ்ல எழுதி பை மேல் பாக்கெட்ல வைங்க. போன் லாக் ஆகியிருந்தா யாருக்கும் ஒன்னும் தெரியாது.

செம்பருத்தி:

பொம்பள தனியாங்கற கேள்விக்கு யாரும் வரல, நான் வர்றேன். தேன்மொழிக்கா, நான் தனியா போய்ட்டு வந்தவ. அங்க நடக்கறதுல இப்ப பாதிக்கு மேல பெண்கள் தான், சந்தியாகோ யாத்ரீகர் ஆபீஸ் கணக்கே அப்படி தான் வருது. பெரும்பாலும் பயமில்ல. நெட்ல தேடினா 2015ல அஸ்தோர்கா பக்கத்துல தனியா நடந்த ஒரு பெண் கொலையான கேஸ் முதல்ல வந்து நிக்கும், நடந்தது உண்மை, குற்றவாளிக்கு தண்டனையும் ஆச்சு. அத விட அடிக்கடி காதுல விழறது, ஆளில்லாத இடத்துல எவனாவது நின்னு அசிங்கமா நடந்துக்கறது. அப்படி ஒருத்தன பாத்தா தைரியத்த காட்டறேன்னு தாண்டி போகாதீங்க, பின்னாடி வர்றவங்க வர்ற வரைக்கும் திரும்பி நடங்க, 112க்கு சொல்லுங்க. ஸ்பெயின் உள்துறையோட அலர்ட்காப்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல அலர்ட் அனுப்பினா நீங்க இருக்கற இடம் போலீசுக்கு போயிடும், அத இங்கயே ரிஜிஸ்டர் பண்ணி ட்ரை பண்ணிட்டு போங்க, அங்க போய் ஓடிபி வரலன்னு நிக்காதீங்க.

ஆனா வெயில் காலத்துல தனியா இருக்கற ஆபத்தும் வெயில் ஆபத்தும் ஒன்னா சேர்ந்து வரும், அத தான் நான் சொல்ல வந்தேன். எல்லாரும் சீக்கிரம் கிளம்பி 11, 12க்கெல்லாம் தங்குமிடத்துல அடைஞ்சிடறாங்க. நீங்க ஒரு காபிக்கு அரை மணி நேரம் உக்காந்து, காலுக்கு பிளாஸ்டர் போட்டு, போட்டோ எடுத்துன்னு பின்தங்கினா 1 மணிக்கு மேல ரோட்ல நீங்க மட்டும் தான். ஆள் இல்லாத நேரமும் கொல்ற வெயிலும் ஒரே நேரம். அதனால வேகமா நடக்கணும்னு இல்ல, கூட்டத்தோட நடுவுல இருக்கணும். மெதுவா நடக்கறவங்க தூரத்த குறைங்க, 25க்கு பதிலா 17, 18 போதும். பைய அடுத்த ஊருக்கு அனுப்பிடலாம், கொர்ரேயோஸ் தபால்காரங்களே அந்த சர்வீஸ் பண்றாங்க, தண்ணி, ஓஆர்எஸ், தொப்பி மட்டும் சின்ன பையில.

முனிசிபல் அல்பேர்கேல (ஊராட்சி நடத்தற யாத்ரீகர் தங்குமிடம்) முன்பதிவு பெரும்பாலும் கிடையாது, வந்த வரிசை தான், ஃபுல் ஆயிடுச்சுன்னா அடுத்த ஊருக்கு போகச் சொல்லுவாங்க, மதியம் 2 மணிக்கு இன்னொரு 6 கிலோமீட்டர் நடக்கறது தான் இருக்கறதுலயே மோசம். வெயில் ஜாஸ்தின்னு தெரிஞ்சா முந்தின நாளே பிரைவேட்ல ஒரு பெட் புக் பண்ணிடுங்க. இடம் கிடைக்கலன்னா டாக்சி கூப்பிடுங்க, கௌரவம் பாக்காதீங்க. நடந்து முடிச்சதுக்கு குடுக்கற கம்போஸ்தேலா சர்டிபிகேட்டுக்கு கடைசி 100 கிலோமீட்டர் தான் கணக்கு, அதாவது சாரியாங்கற ஊர்ல இருந்து விடாம நடந்தா போதும். நடுவுல மெசெத்தால ஒரு நாள் பஸ் ஏறினா எந்த சாமியும் கோச்சுக்காது.

வீட்டுக்கு தினமும் ஒரே நேரத்துல மெசேஜ். ஊரு போய் சேர்ந்ததும் ஒன்னு. 3 மணி வரைக்கும் வரலன்னா அவங்க முதல்ல நீங்க தங்க வேண்டிய இடத்துக்கு போன் பண்ணணும்னு சொல்லி வைங்க. அந்த நம்பர முந்தின ராத்திரியே அனுப்பிடுங்க.

மொட்டைவெயில்:

சரி சரி, நான் மூணு பேரோட போனது தான், 4 மணி வாபஸ் 🙏 ஆனா ஒன்னு சொல்றேன் அக்கா, குடை எடுத்துட்டு போங்க. வெள்ளி கலர் பூச்சு போட்ட குடை, பை தோள்பட்டைல கட்டிக்கலாம், ரெண்டு கையும் ஃப்ரீ. வெள்ளைக்காரங்க பாத்து சிரிச்சாங்க, மெசெத்தால ரெண்டாவது நாள் எங்க வாங்கினன்னு கேட்டாங்க. காத்து அடிச்சா மட்டும் மடக்கிடணும். ஷூ அரை சைஸாவது பெருசா வாங்குங்க, சூட்டுல பாதம் வீங்கும். உக்காரும்போதெல்லாம் ஷூ சாக்ஸ் ரெண்டையும் கழட்டுங்க, ஈர சாக்ஸ பை மேல கட்டி காய விட்டு வேற மாட்டுங்க.

தேன்மொழி77:

எல்லாருக்கும் கோடி நன்றி. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, ப்ரூஃபன் வெளிய எடுத்தாச்சு, குடைக்கு வீட்டுக்காரரே ஆர்டர் போட்டுட்டாரு (அவரு இந்த திரெட்ட முழுசா படிச்சாரு, இப்ப எம்மாத்திரம்னு சொல்றதில்ல). இன்னும் ஒரே ஒரு டவுட்டு. கார்ரியோன்ங்கற ஊருக்கு அப்புறம் 17 கிலோமீட்டருக்கு ஒன்னுமே இல்லன்னு போட்டிருக்கே, அத எப்படி பண்றது? அப்புறம் காட்டுத்தீ நியூஸ்லாம் பாத்தேன், அதுக்கு என்ன பண்ணணும்?

ஊர்சுற்றி:

காட்டுத்தீ முதல்ல. 2025 ஆகஸ்ட்ல அஸ்தோர்காவுக்கும் பொன்ஃபெர்ராதாவுக்கும் நடுவுல ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பாதைய தீனால மூடினாங்க. உங்க நேரமும் அதே சீசன் தான். ஸ்பெயின் வானிலை மையம் ஏமெத்னு இருக்கு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை போடுவாங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அத பாக்கறது பழக்கமா இருக்கட்டும். சூட்டுக்கு ஆரஞ்சுன்னா அன்னைக்கு பாதி தூரம், சிவப்புன்னா ரெஸ்ட், இது என் கணக்கு. பாதைய மூடிட்டாங்கன்னா வாக்குவாதமே வேணாம், பஸ் தான். புகை வாசம் அடிச்சாலே தங்குமிடத்துல கேட்டுட்டு தான் அடி எடுத்து வைக்கணும்.

அந்த 17 கிலோமீட்டர், கார்ரியோன்ல இருந்து கால்சாதியா தெ லா குவேசாங்கற ஊரு வரைக்கும். பழைய ரோமன் ரோடு, ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா போகும், நிழல் பேருக்கு தான். சீசன்ல நடுவுல ஒரு வண்டிக்கடை நிக்கலாம், அத நம்பி தண்ணிய குறைக்காதீங்க. முந்தின நாள் கார்ரியோன்ல சீக்கிரமே போய் சேருங்க, அங்க கன்னியாஸ்திரிங்க நடத்தற அல்பேர்கே ஒன்னு இருக்கு, சாயங்காலம் எல்லாரையும் உக்கார வச்சு பாட்டு பாடுவாங்க, மறுநாள் கூட நடக்கறதுக்கு ஆள் அங்கயே கிடைச்சிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 3 லிட்டர் நிரப்பி வைங்க, ஒரு லிட்டர்ல மட்டும் ஓஆர்எஸ், தனி பாட்டில்ல. 3 கிலோ வெயிட்டு கூடும்ங்கறதால அன்னைக்கு மத்த சாமான முன்னாடியே அனுப்பிடுங்க. கடை திறந்திருக்காது, பிரெட்டும் சீஸும் வாங்கி வச்சுக்கங்க. அஞ்சே முக்காலுக்கு கிளம்பினா உங்க வேகத்துல பத்தரைக்குள்ள அந்த பக்கம் போயிடுவீங்க. ஊரு பள்ளத்துல இருக்கும், கிட்ட போற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது, போன் 'இன்னும் 1 கிலோமீட்டர்'னு காட்டும், முன்னாடி பாத்தா வெறும் வெட்டவெளி தான். ஹொன்தானாஸ் ஊர்லயும் இதே கதை. வழி தப்பிட்டோமோன்னு பதறி வேகம் எடுக்காதீங்க, அம்புக்குறி இருந்தா அதே வழி தான்.

நர்ஸக்கா:

பத்தரைக்கு அங்க போய் சேர்ந்ததும் நல்லா தெம்பா இருக்கேன்னு அடுத்த ஊருக்கு கிளம்பிடாதீங்க தேன்மொழி. ராத்திரி எழுதி வச்ச சீட்டுல அந்த ஊரு தானே இருக்கு?